பார்ப்பவரையும் சோதித்த பேரறிஞர்

நுழையும் முன்

மூணாற்றின் தேயிலைத் தொழிற்சாலைகளில், ஒரு மிடறு பருகியே தேயிலையின் தரத்தைக் கூறும் வல்லுநர்கள் உள்ளனர். சித்தூர் வட்டத்தின் வயல்களில், கதிரைக் கையில் ஏந்திய அளவிலேயே விளைச்சலை மதிப்பிடும் உழவர்கள் உள்ளனர். பட்டறிவால் வந்த இத்திறன் போற்றத்தக்கது. எனினும், கண்ணும் நாவும் மனமும் சிலவேளைகளில் மனிதரை ஏமாற்றுவதும் உண்டு. ஒருவர் கூறுவது மெய்யான திறனால் விளைந்ததா, தற்செயலாக நேர்ந்ததா என்று எவ்வாறு அறிவது? அதற்கு நேர்மையான சோதனை ஒன்றை அமைக்க வேண்டும். அத்தகைய சோதனைகளையும் கணக்கெடுப்புகளையும் அமைப்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்ட இந்திய அறிஞர் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கல்வியும்

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் கொல்கத்தாவில் பிறந்தார். அவருடைய பாட்டனார் குருசரணர் பிரம்ம சமாசத்தைச் சார்ந்தவர். சமூகத்தின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது கைம்பெண் ஒருவரை மணந்தவர். வழிவழியாகச் சொல்லப்பட்டது என்பதற்காக மட்டுமே ஒன்றை ஏற்றுக்கொள்ளாத அவ்வீட்டின் இயல்பு பேரனிடமும் படிந்தது.

கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்ற மகலனோபிஸ் 1912இல் இளம் அறிவியல் பட்டம் பெற்றார். சகதீச சந்திர போசு, பிரபுல்ல சந்திர ராய் ஆகிய பேரறிஞர்கள் அக்கல்லூரியில் ஆசிரியர்களாக விளங்கிய காலம் அது. அடுத்த ஆண்டில் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். இலண்டனில் பயில்வதே அவருடைய எண்ணம். ஒருநாள் கேம்பிரிட்ஜ் நகரைக் காணச் சென்றவர், திரும்பும் கடைசித் தொடர்வண்டியைத் தவறவிட்டார். நண்பர் ஒருவரின் இல்லத்தில் இரவு தங்க நேர்ந்தது. அங்குள்ள கிங்ஸ் கல்லூரியின் அழகிய வழிபாட்டுக் கூடம் அவருடைய உள்ளத்தைக் கவர்ந்துவிட்டது. அக்கல்லூரியிலேயே இடம் கேட்டுச் சேர்ந்தார்.

கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்த நண்பர்களுள் ஒருவர் கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுசன். ஒருமுறை மகலனோபிஸ் அவருடைய அறைக்குச் சென்றபோது, இரவெல்லாம் குளிரால் உறங்க இயலவில்லை என்பதை அறிந்தார். படுக்கையைப் பார்த்த உடனே காரணம் விளங்கிற்று. கம்பளிகள் யாவும் மெத்தையின் மேல் ஒழுங்காக விரித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பதை அறியாத இராமானுசன், அவற்றின் மேலேயே படுத்து வந்திருந்தார். கம்பளியை விலக்கி எவ்வாறு படுப்பது என்று மகலனோபிஸ் காட்டிக் கொடுத்தார். காரணத்தை ஊகத்தில் தேடாமல், சென்று பார்த்து அறியும் வழக்கம் அவருக்கு இளமையிலேயே வாய்த்திருந்தது.

எண்களின் பக்கம் திரும்பிய மனம்

1915இல் இயற்பியலில் முதல் வகுப்பில் தேறிய மகலனோபிஸ் தாயகம் புறப்பட ஆயத்தமானார். முதல் உலகப் போரினால் கப்பல் தாமதமாயிற்று. அந்த இடைவேளையில் அவருடைய ஆசிரியர் மெக்காலே, உயிரியல் அளவீடுகளைக் கணித முறையில் ஆராயும் பயோமெட்ரிகா என்னும் ஆய்விதழை அவருக்குக் காட்டினார். மகலனோபிஸ் அதன் தொகுதிகளை விலைக்கு வாங்கினார். கப்பற் பயணத்திலேயே படிக்கத் தொடங்கினார். இயற்பியல் அறிஞராகப் புறப்பட்டவர், புள்ளியியலில் ஈடுபாடு கொண்டவராய்க் கரை இறங்கினார்.

மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராகப் பணியேற்ற அவரிடம், தத்துவ அறிஞர் பிரசேந்திரநாத் சீல் ஒரு பணியை ஒப்படைத்தார். கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தேர்வு முடிவுகளை ஆராய்ந்து கூறுவதே அப்பணி. சீல் 1905ஆம் ஆண்டிலேயே சோதனை உளவியலுக்கான பாடத்திட்டம் ஒன்றை அப்பல்கலைக்கழகத்திற்காக வரைந்தவர். 1916இல் அங்கு உளவியலுக்கெனத் தனித் துறையும் தொடங்கப்பட்டது. மனித மனத்தை அளந்தறிய இயலும் என்னும் நம்பிக்கை அந்நகரில் வேரூன்றிய காலத்தில், மகலனோபிசும் மதிப்பெண்களின் வழியாக மனிதரைப் பற்றி எண்ணத் தொடங்கினார். பிற்காலத்தில், வங்க மொழியில் அமைந்த நுண்ணறிவுத் தேர்வுகளைச் சீராக்கும் ஆய்விலும் அவர் ஈடுபட்டார்.

வெள்ளமும் கணக்கும்

1922ஆம் ஆண்டில் வட வங்காளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துத் தென்னகத்தில் மூணாற்றையும் அதன் மலை இரயில் பாதையையும் அழித்த வெள்ளத்தை, தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று கேரள மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்தமையால் அதற்கு அப்பெயர் வந்தது. இத்தகைய பேரிடர் நிகழ்ந்தவுடன் ஏதேனும் ஒன்றைச் செய்தாக வேண்டும் என்னும் பதற்றம் எழுவது இயல்பு. வங்காளத்தில் பொறியாளர்கள், வெள்ளநீரைத் தேக்கி வைக்கப் பெருஞ்செலவில் நீர்த்தேக்கங்கள் அமைக்கலாம் என்று கருதினர். மகலனோபிஸ் ஏறத்தாழ 50 ஆண்டுக்கால மழையளவையும் வெள்ள நிலையையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். தேக்கங்களால் பெரும்பயன் இல்லை. நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்பது அவருடைய முடிவு.

1926இல் ஒரிசாவின் பிராமணி ஆற்றில் வெள்ளம் வந்தது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது. ஆகவே கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் எண்ணினர். மகலனோபிஸ் 60 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து, படுகை உயரவே இல்லை என்று காட்டினார். ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டுவதே தக்க வழி என்றார். பொறியாளர்கள் திறமையற்றவர்கள் அல்லர். கண்முன் நின்ற வெள்ளம் அவர்களுடைய மதிப்பீட்டை மாற்றிவிட்டது. அண்மையில் கண்டதைப் பெரிதாக எண்ணுவது மனத்தின் இயல்பு என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

ஒரு கோப்பைத் தேநீரும் நேர்மையான சோதனையும்

பழைய பதிவுகளை ஆராய்வது ஒரு வழி. புதிதாகச் சோதனை செய்து அறிவது மற்றொரு வழி. வேளாண் சோதனைகளில் நேரும் பிழைகளைப் பற்றி 1924 முதல் ஆராய்ந்த மகலனோபிஸ், 1926இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷரைச் சந்தித்தார். இருவருக்கும் இடையே வாழ்நாள் நட்பு மலர்ந்தது.

சோதனை அமைப்பைப் பற்றி ஃபிஷர் 1935இல் வெளியிட்ட நூலில் தேநீரைப் பற்றிய சோதனை ஒன்று விளக்கப்பட்டுள்ளது. கோப்பையில் முதலில் ஊற்றப்பட்டது பாலா, தேநீரா என்பதைச் சுவைத்தே கூற முடியும் என்று பெண்மணி ஒருவர் உறுதியாகக் கூறுகிறார். அதை எவ்வாறு சோதிப்பது? எட்டுக் கோப்பைகள் ஆயத்தம் செய்யப்படுகின்றன. நான்கில் பால் முதலில் ஊற்றப்படுகிறது. நான்கில் தேநீர் முதலில் ஊற்றப்படுகிறது. அவற்றைத் தரும் வரிசை குலுக்கல் முறையில் முடிவு செய்யப்படுகிறது. வெறும் ஊகத்தினால் எட்டையும் சரியாகப் பிரித்துக் கூறும் வாய்ப்பு 70இல் ஒன்றே. ஆகவே அவர் முழுவதும் சரியாகக் கூறினால், அதைத் தற்செயல் என்று தள்ளிவிடுதல் அரிது. ஒரே ஒரு கோப்பையைக் கொடுத்துக் கேட்டிருந்தால், ஊகமும் பாதிமுறை வென்றிருக்கும்.

இச்சிறு நிகழ்ச்சியில், உளவியல் சோதனைகளுக்கு அடிப்படையான கருத்துகள் அடங்கியுள்ளன. ஒன்று, ஒரு முறை மட்டும் பாராமல் பலமுறை செய்து பார்த்தல். மற்றொன்று, எவருடைய விருப்பும் நுழையாதவாறு வரிசையைக் குலுக்கலுக்கு விடுதல். மூன்றாவது, சோதிக்கும் கூறு தவிர மற்றவை யாவும் ஒத்திருக்கச் செய்தல்.

விடியற்காலையில் படித்தால் செய்யுள் நன்கு மனத்தில் பதியும் என்று ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். காலையில் படிக்க விரும்புவோரை ஒரு குழுவாகவும், விரும்பாதோரை மற்றொரு குழுவாகவும் பிரித்தால், அச்சோதனை செல்லாது. காலையில் எழும் ஆர்வமுள்ளவர்கள் இயல்பாகவே நன்கு படிப்பவர்களாக இருக்கலாம். உயர்ந்த மதிப்பெண் காலைப்பொழுதால் வந்ததா, ஆர்வத்தால் வந்ததா என்று பிரித்தறிய இயலாது. மாறாக, சீட்டுக் குலுக்கி இரு குழுக்களாகப் பிரித்து, ஒரே செய்யுளை ஒரே கால அளவில் ஒரு குழு காலையிலும் மற்றொரு குழு மாலையிலும் படிக்கச் செய்து, படித்த பின் இரு குழுவினருக்கும் ஒரே இடைவெளி விட்டுத் தேர்வு வைத்தால், ஒப்பீடு நேர்மையாகும். காலையில் படிப்பது சோதனைக் குழு. ஒப்பிடுவதற்காக அமைவது கட்டுப்பாட்டுக் குழு.

ஒரே மாணவர்களைக் காலையிலும் மாலையிலும் படிக்கச் செய்வது வேறொரு முறை. மாணவர்களுக்கு இடையே உள்ள வேற்றுமை இதில் குறுக்கிடாது. ஆனால் ஒரே செய்யுளை இரு முறை படித்தால் இரண்டாம் முறை எளிதாகும். ஆகவே ஒத்த கடினமுடைய இரு செய்யுள்களை எடுத்துக்கொள்ள வேண்டும். பாதிப்பேர் காலையில் தொடங்கவும், பாதிப்பேர் மாலையில் தொடங்கவும் வேண்டும். எந்தச் செய்யுள் எந்த வேளைக்கு என்பதையும் அவ்வாறே பாதிபாதியாகப் பகிர வேண்டும். இல்லையெனில், பயிற்சியின் பயனையும் செய்யுளின் எளிமையையும் வேளையின் பயனாகக் கருதிவிடுவோம்.

238 ரூபாயில் வளர்ந்த நிறுவனம்

மாநிலக் கல்லூரியின் இயற்பியல் துறையில் இருந்த சிறிய அறையே மகலனோபிசின் புள்ளியியல் ஆய்வகமாக விளங்கியது. அங்கிருந்தே 1931ஆம் ஆண்டு திசம்பர் 17ஆம் நாள் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தோன்றியது. அதன் முதலாண்டுச் செலவு 238 ரூபாய் மட்டுமே. 1933இல் சங்க்யா என்னும் ஆய்விதழைத் தொடங்கினார். எண் எனவும் தெளிந்த அறிவு எனவும் பொருள்படும் சொல் அது.

1938ஆம் ஆண்டு சனவரியில் கொல்கத்தாவில் நடைபெற்ற முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டிற்கு ஃபிஷர் தலைமை தாங்கினார். நிறுவனத்தில் பணியாற்றிய ஆர். சி. போசு போன்ற இளைஞர்கள் சோதனை அமைப்புகளின் கணிதத்தில் ஆழ்ந்தனர். அவ்வமைப்புகளுள் ஒன்று இலத்தீன் சதுரம். நான்கு வரிசையும் நான்கு நிரலும் கொண்ட கட்டத்தில், நான்கு எழுத்துகள் ஒவ்வொன்றும் வரிசைக்கு ஒருமுறையும் நிரலுக்கு ஒருமுறையும் வருமாறு எழுதுவதே அது. வயலில் மண்வளம் இடத்துக்கு இடம் வேறுபடுவதால் நேரும் பிழையை அது குறைக்கிறது. உளவியல் சோதனையிலோ, நான்கு பணிகளை நான்கு வெவ்வேறு வரிசையில் கொடுக்கத் துணை செய்கிறது. இறுதியில் வரும் பணிக்கு உரிய களைப்பு ஒன்றன் மேலேயே விழாமல் எல்லாவற்றுக்கும் பகிரப்படுகிறது. இத்தகைய சதுரங்களைக் குறித்து 1782இல் ஆய்லர் என்னும் கணித மேதை கூறிய கருத்தொன்று தவறானது என்பதை, 1959இல் போசும் சிறீகண்டேயும் பார்க்கரும் மெய்ப்பித்தனர்.

பார்ப்பவரின் பிழை

வங்காளத்தின் சணல் விளைச்சலைக் கணக்கிடும் பணி 1937இல் தொடங்கியது. சணலின் விலை, எதிர்பார்க்கப்படும் விளைச்சலைப் பொறுத்தது. ஆகவே தவறான கணக்கு உழவரின் வாழ்வைப் பாதிக்கும். எல்லா வயல்களையும் அளப்பதற்கு மாறாக, குலுக்கல் முறையில் தேர்ந்த சில நிலங்களை மட்டும் கவனமாக அளக்கலாம் என்றார் மகலனோபிஸ். சிலவற்றைப் பார்த்து முழுமையை அறிய இயலுமா என்று பலர் ஐயுற்றனர். 1941இல் அரசு வயல் வயலாக முழுக் கணக்கெடுப்பையும் நடத்தியது. வணிகத்துறையின் கணக்கோடு ஒப்பிட்டபோது, மாதிரி ஆய்வின் முடிவே உண்மைக்கு மிக நெருங்கியிருந்தது. முழுக் கணக்கெடுப்புப் பெரிதும் குறைத்துக் காட்டியிருந்தது. மாதிரி ஆய்வுக்கு ஆன செலவோ, ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே.

மகலனோபிஸ் அத்துடன் நிறைவு கொள்ளவில்லை. அளப்பவரும் மனிதரே அல்லரோ? வயலில் சிறிய பகுதியைக் குறித்து அறுவடை செய்து விளைச்சலை மதிப்பிடும்போது, விளிம்பில் நிற்கும் பயிர் உள்ளே சேர்ந்ததா, வெளியே நின்றதா என்னும் ஐயம் எழும். அளப்பவர் தம்மை அறியாமலே அதை உள்ளே சேர்த்துக்கொள்ளும் போக்கு உண்டு. பகுதி எவ்வளவு சிறிதோ, அவ்வளவுக்கு அதன் பரப்பைவிட விளிம்பின் பங்கு கூடும். எனவே மிகச்சிறிய பகுதிகள் விளைச்சலை மிகுத்துக் காட்டின. அங்கு எவரும் பொய் சொல்லவில்லை. நேர்மையான மனிதரின் கையே தவறு செய்தது.

இப்பிழையைக் கண்டறிய அவர் எளிய வழி ஒன்றை அமைத்தார். ஒரே பகுதியில் இரண்டு தனித்தனி மாதிரிகளைத் தேர்ந்து, இரண்டு குழுவினரிடம் ஒப்படைத்தார். ஒரு குழுவின் முடிவு மற்றொரு குழுவின் மேல் செல்வாக்குச் செலுத்த இடமில்லை. இரண்டும் ஒத்திருந்தால் கணக்கை நம்பலாம்; பெரிதும் வேறுபட்டால் எங்கோ தவறு நேர்ந்துள்ளது. ஊடுருவும் மாதிரி முறை என்று வழங்கும் இவ்வமைப்பில், ஆய்வே தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது.

பசியின் கணக்கு

1943ஆம் ஆண்டின் பஞ்சத்தில் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அதன் பின்விளைவுகளை அறிய மகலனோபிசின் நிறுவனம் மாதிரி ஆய்வு நடத்தியது. நிலமற்ற கூலியாட்களும் மீனவரும் எவ்வளவு நலிந்தனர், சிற்றுழவர் எத்தனை பேர் நிலத்தை விற்றனர் என்பனவற்றை அவ்வாய்வு வெளிப்படுத்தியது. மக்களின் துயரைக் குறித்த பேச்சு மட்டும் போதாது. எவருக்கு உதவி தேவை என்பதை அறியும் கணக்கும் வேண்டும் என்பதை அது உணர்த்தியது.

விடுதலைக்குப் பின், 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கப்பட்டது. வீடு வீடாகச் சென்று செலவும் தொழிலும் கேட்டறியும் அவ்வாய்வின் பணி இன்றும் தொடர்கிறது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுப்பதிலும் மகலனோபிசின் பங்கு பெரிது. கனரகத் தொழில்களுக்கு அத்திட்டம் முதன்மை தந்தது. வேளாண்மைக்குப் போதிய இடம் தரவில்லை என்று அறிஞர் சிலர் குறை கூறினர். வயலை இரண்டாகப் பிரித்து ஒப்பிடலாம். நாட்டை அவ்வாறு பிரித்து ஒப்பிட இயலாது. ஆகவே அவ்விவாதம் எளிதில் முடியவில்லை.

1945இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகவும், 1968இல் பத்ம விபூசண் விருதாளராகவும் பெருமை பெற்ற மகலனோபிஸ், 1972ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள் மறைந்தார். மறுநாள் அவருக்கு 79 வயது நிறைந்திருக்கும். அவருடைய பிறந்தநாளான சூன் 29, தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பிறர் கூற்றை ஐயுறுவது எளிது. தன் கண்ணையும் கையையும் ஐயுறுவது அரிது. அவ்வரிய பண்பையே அறிவியல் முறையாக மாற்றிக் கொடுத்தவர் மகலனோபிஸ்.

சொல்லும் பொருளும்

பட்டறிவு – அனுபவ அறிவு
மிடறு – ஒரு வாய் அளவு
நிரல் – மேலிருந்து கீழாக அமையும் வரிசை
நலிதல் – மெலிதல், வருந்துதல்
படுகை – ஆற்றின் அடித்தளம்
கட்டுப்பாட்டுக் குழு – ஒப்பிடுவதற்காக அமைக்கும் குழு

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மகலனோபிஸ் கேம்பிரிட்ஜில் சேர்ந்தது எவ்வாறு?
2. இராமானுசன் குளிரால் வருந்தியதற்குக் காரணம் யாது?
3. சங்க்யா என்னும் சொல்லின் பொருள்கள் யாவை?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. தேநீர்ச் சோதனையில் ஒரு கோப்பை மட்டும் போதாது என்பது ஏன்?
2. விருப்பப்படி குழுக்களைப் பிரித்தால் சோதனை செல்லாது என்பதை விளக்குக.
3. நேர்மையான மனிதரின் கையும் தவறு செய்யும் என்பதற்குப் பாடத்திலிருந்து சான்று தருக.

இ. பிரித்து எழுதுக.
பட்டறிவு, நுண்ணறிவு, தற்செயல், தாயகம்

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டில் ஒருவர் ஏலக்காய் சேர்த்த தேநீரையும் சேர்க்காத தேநீரையும் மணத்தைக்கொண்டே கண்களை மூடியபடி பிரித்தறிவதாகக் கூறுகிறார் எனக் கொள்க. எத்தனை கோப்பைகள் தேவை, வரிசையை எவ்வாறு முடிவு செய்வது, கோப்பைகளில் எவையெவை ஒத்திருக்க வேண்டும் என்பனவற்றைக் குறித்து, சோதனையை அமைத்து எழுதுக. கோப்பையைக் கையில் கொடுப்பவருக்கும் விடை தெரியாதிருப்பது ஏன் நல்லது என்பதையும் சேர்த்து எழுதுக.